பெட்டிக்குள் இருந்த இரைச்சல்

ராயபுரம்
16.7.2024

சாண்ட்ராவுக்கு,

"போன் பண்ணாத. உன் கொரலக் கேட்டாலே உடம்பு எரியுது. இன்னா சொல்லணுமோ எழுதிப் போடு" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிவிட்டு, மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். அடுத்தவர் குரலைப் பதிவு செய்து பிழைக்கிற எனக்கு இது சரியான தண்டனைதான். எண்ணூருக்குத் தபால் என்றதும் தபால் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஷேர் ஆட்டோல ஏறினா இத்தோ போயிடலாமே தம்பி" என்றார். போகலாம்தான். எந்த முகத்தோடு போவது?

மாமாவின் கால் எப்படி இருக்கிறது? விரலை எடுத்த இடம் காய்கிறதா? தினமும் கட்டு மாற்றுவது யார்? இதையெல்லாம் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

டாக்டர் கேட்ட கேள்வி காதை விட்டுப் போகவில்லை. "இன்சுலின் ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை? மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள்?" பிரிட்ஜில் என்று நீ சொன்னாய். "பிரிட்ஜ் நடுவில் நின்றதா?" என்று கேட்டார். உன் அண்ணன் வில்சன் என்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். "நான்தான், டாக்டர். வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய அன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்துவிட்டேன், திரும்பி வரும்வரை நின்றே கிடந்தது" என்று சொன்னேன். மே மாத வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் மருந்து வீரியம் இழந்திருக்கலாம் என்றார். சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்ததும் ஒரு காரணம், பழைய சர்க்கரையும் ஒரு காரணம், இது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். வில்சன் மச்சான் அதைக் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அறைந்துவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக. அவர் அப்பா கால் அது.

வீட்டில் பிரிட்ஜ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. ஒரு முறை மாமாவை வந்து பார்க்க விடுவாயா?

ஜெரால்ட்


கத்திவாக்கம், எண்ணூர்
22.7.2024

ஜெரால்ட்,

வர வேண்டாம். அண்ணன் இன்னும் ஆறவில்லை. நீ தெரு முனையில் தெரிந்தால் என்ன செய்வாரோ எனக்குத் தெரியாது.

அப்பா கால் பரவாயில்லை. கட்டு மாற்றுவது நான்தான். காலையில் மாற்றிவிட்டு கன்டெய்னர் யார்டு ஆபீசுக்குப் போகிறேன். இங்கிருந்து எனக்கு வேலைக்குக் கிட்டம். கன்டெய்னர் லாரி புழுதியும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் பட்டு ஜன்னல் கம்பியெல்லாம் கறுப்பாக இருக்கிறது. ஜன்னலை மூடிவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அப்பா தூங்குகிறார். முழு வேகத்தில். படித்துக்கொள்.

உன்னை எழுதச் சொன்னது நான்தான், அதனால் நானும் மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வந்த நாளிலிருந்து அது வீடாகவா இருந்தது? "பவர்டு மானிட்டர், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே கீது, இந்த விலைக்கு இப்படிப்பட்ட பொருள் எங்கியும் கெடைக்காது" என்று பாடற்குழுப் பையன்களை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினாய். பத்து நாள் போகவில்லை, "இன்னாமோ ஸ்ஸ்னு கேக்குது" என்று ஆரம்பித்தாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கும் கேட்கவில்லை. பெட்டி மேல் காதை வைத்தால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிசாக ஒன்று கேட்டது. அவ்வளவுதான். அதற்கு நீ போட்ட ஆட்டம்!

ஃபேனால் வருகிறது என்று ஃபேனை நிறுத்தினாய். டியூப் லைட்டால் என்று இருட்டில் சோறு தின்ன வைத்தாய். என் போன் சார்ஜரைத் தூக்கி எறிந்தாய். கடைசியில் குற்றவாளி பிரிட்ஜ்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். நீ ஸ்பீக்கரைப் போட்டால் நான் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்க வேண்டும், நிறுத்தினால் சொருக வேண்டும். பூசையில் மணி அடித்தால் முழங்கால் போடுவோமே, அது மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

ஒரு நாள் அப்பா தெரியாமல் பிளக்கைச் சொருகிவிட்டார் என்று நீ உள்ளே இருந்து ஓடி வந்தது நினைவிருக்கிறதா? "மாமா, இந்த வூட்ல பிளக்க மட்டும் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டாய். கும்பிட்டுச் சொன்னால் அது மரியாதை ஆகிவிடுமா? ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனுஷன். அன்றிலிருந்து ஃபேன் சுவிட்சைத் தொடக்கூட என்னைக் கூப்பிடுவார். ரெக்கார்டிங் நேரத்தில் இருமல் வந்தால் மாடிப்படிக்குப் போய் இருமிவிட்டு வருவார். நீ சொல்லவில்லை, அவராகவே போனார் என்று சொல்வாய். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிரிட்ஜ் பேச்சை மட்டும் இனிமேல் எழுதாதே. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அப்பாவின் மூக்குக் கண்ணாடியும், தலையணைக்கு அடியில் இருக்கும் ஜெபமாலையும் அனுப்பு. காலையில் எழுந்ததும் "மாப்ள போன் பண்ணுச்சா?" என்று கேட்கிறார். நான் கட்டுத் துணியை எடுக்கப் போய்விடுகிறேன்.

சாண்ட்ரா


ராயபுரம்
29.7.2024

சாண்ட்ராவுக்கு,

கண்ணாடியும் ஜெபமாலையும் இதோடு பார்சலில் வருகின்றன. கண்ணாடியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, மூர் மார்க்கெட் பக்கம் கொடுத்து இறுக்கி வாங்கினேன்.

நீ எழுதிய ஒவ்வொன்றும் உண்மை. மாமா படியில் போய் இருமுவது எனக்குத் தெரியும். ஹெட்போன் போட்டுக்கொண்டிருந்தாலும் தெரியும். நல்ல மனுஷன், புரிந்துகொண்டார் என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். இப்போது அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

பிரிட்ஜைப் பற்றி எழுதாதே என்றாய். ஆனால் இதை எழுதாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை. போன வாரம் வண்ணாரப்பேட்டை காலித் வந்தான். தெரியுமே, கல்யாண வீடியோவுக்கு சவுண்டு போடுகிறவன், நம் கல்யாணத்துக்குப் பிரியாணி அண்டாவோடு வந்தவன். மாமாவை விசாரிக்க வந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். "இப்ப கேளு" என்றான்.

அதே ஸ்ஸ். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இன்னா மாமு, ஒயரைப் புடுங்கிப் பாக்கலியா நீ? பொட்டிக்குள்ள கீற ஆம்ப்ளிஃபயர் போடற சத்தம்டா இது. இந்த வெலைக்கு இம்மாத்தூண்டு இரைச்சல் இருக்கத்தான் செய்யும். இதுக்குப் போய் பிரிட்ஜ் இன்னா பண்ணும்?" என்றான். பின்னாலேயே ஒரு திருகு இருக்கிறது. ஒலி பெரிதாக வரட்டும் என்று அதை நான் முழுசாகத் திருகி வைத்திருந்தேன். அவன் பாதிக்குக் குறைத்தான். இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிப்போனது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் எனக்கே கேட்கவில்லை. நம் உள்ரூமில் இடம் இல்லாமல் மேசையைச் சுவரோடு ஒட்டி, பெட்டி மேல் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து வேலை செய்தேன் பார், அதனால்தான் அவ்வளவு கேட்டிருக்கிறது.

அவன் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "இந்தச் சத்தம் உன் ரூம்ல மட்டும்தான்டா. பாட்டுல இது ஏறாது. உன் பாட்டக் கேக்கறவன் எவனுக்கும் கேக்காது." எனக்குத் தெரியாத விஷயமா இது, சாண்ட்ரா? மைக் வழியாக வந்தால்தானே பாட்டில் ஏறும். ஸ்பீக்கரிலிருந்து வருவது எப்படி ஏறும்? பாடற்குழுவுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு நிமிஷம் ஒயரைப் பிடுங்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். பெட்டிக்குள் இருந்தால் நான் வாங்கிய பொருள் மட்டம் என்று ஆகிவிடும். அத்தனை பேரைக் கூட்டிவந்து பெருமை அடித்தாயிற்று. அதனால் வீட்டின் மேல் பழி போட்டேன். ஃபேன் மேல், உன் சார்ஜர் மேல், உன் பிரிட்ஜ் மேல். இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது.

ஞாயிறு பூசை முடிந்து பாடற்குழு நின்றுகொண்டிருந்தபோது எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கால் விரல் போனது என்னால்தான் என்று. சாமியாரும் இருந்தார். மாதா திருவிழாப் பாட்டை இந்த முறை வேறு இடத்தில் ரெக்கார்டு பண்ணப் போகிறார்களாம். நியாயம்தானே.

ஜெரால்ட்


கத்திவாக்கம்
5.8.2024

ஜெரால்ட்,

உன்னை யார் சர்ச்சில் போய் தண்டோரா போடச் சொன்னது? பக்கத்து வீட்டு அடைக்கலமேரி அக்கா எனக்குப் போன் பண்ணி, "உன் புருஷன் அழுதுகினே சொன்னாரு, பாவம்மே" என்கிறார். ஆபீசில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார்? இது மட்டும் காரணம் இல்லை என்றுதானே? நீயே முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். பிறகு ஏன் ஊர் முழுக்க உன் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறாய்? உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டேனா?

கண்ணாடி வந்தது. அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ள டைட் பண்ணிக்கீது பாத்தியா" என்று அண்ணனிடம் காட்டினார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். சர்க்கரை இப்போது கட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து விரல் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள். குச்சி ஊன்றி வாசல் வரை நடக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அப்புறம் எழுதுகிறேன்.

யாரிடமும் இனி எதுவும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

சாண்ட்ரா


ராயபுரம்
12.8.2024

சாண்ட்ராவுக்கு,

கெஞ்சுகிறேன் என்று நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நீ எனக்காகக் கெஞ்ச வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்றுதான் தோன்றியது. இனி யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். விசாகப்பட்டினத்தில் மேடை ஒலி அமைக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் கேட்கிறார்கள். காலித்தான் சொன்னான். ஊர் ஊராகப் போகிற வேலை, வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். இந்த மாதக் கடைசியில் வரச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லப் போகிறேன். நீயும் மாமாவும் இங்கே வந்துவிடுங்கள். உன் அண்ணன் வீட்டில் எத்தனை நாள் ஹாலில் பாய் போட்டுப் படுப்பாய்? ஸ்பீக்கரை காலித் எடுத்துக்கொள்கிறான். நான் இல்லாமல் இருந்தால் இந்த வீட்டில் மாமா தாராளமாக இருமலாம்.

என் மேல் இரக்கப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

போகும் முன்பு ஒன்றை மட்டும் எனக்குள் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறேன். வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய காலையை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருகிறேன். முந்தின நாளே ரெக்கார்டிங் முடிந்துவிட்டது. காலையில் நான் மைக்கை உறையில் போட்டேன். மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நீ வழிக்கு இட்லி கட்டி, தேங்காய்த் துவையல் அரைத்தாய். மிக்ஸி சத்தத்துக்கு நான் கத்தாத ஒரே நாள் அதுதான் என்று நீ சொன்னாய், நாம் இரண்டு பேரும் சிரித்தோம். எவ்வளவு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம்! இவ்வளவும் நினைவிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய நிமிஷம் மட்டும் எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை. எத்தனையோ தடவை பிடுங்கிய கை. அதற்கு அது ஒரு வேலையாகவே படவில்லை போலிருக்கிறது. மாமாவின் விரலை வாங்கிய காரியம் எனக்கு நினைவில்கூட இல்லை என்பதுதான் எல்லாவற்றையும் விடக் கேவலமாக இருக்கிறது.

சாவியை அடைக்கலமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஜெரால்ட்


கத்திவாக்கம்
17.8.2024

ஜெரி,

விசாகப்பட்டினத்துக்குச் சரி என்று சொல்லாதே. சொல்லியிருந்தால் இல்லை என்று சொல். முதலில் இதைப் படி.

உன் கைக்கு நினைவில்லாமல் போகவில்லை. உன் கை அதைச் செய்யவே இல்லை. நான் செய்தேன்.

சமையலறைப் பிளக் பாயிண்ட் தவக்காலத்தில் கருகியதிலிருந்து மிக்ஸியை எங்கே போடுவேன் என்று யோசித்துப் பார். பிரிட்ஜ் பிளக்கை எடுத்துவிட்டு அதில்தான் போடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். துவையல் அரைத்தேன், நீ கத்தவில்லை, சிரித்தோம். "வேன் வந்துடுச்சு" என்று கீழே இருந்து கூப்பிட்டார்கள். ஜாரைக் கழுவிவிட்டு ஓடினேன். மிக்ஸி ஒயர் அந்தப் பாயிண்டிலேயே கிடந்தது.

திரும்பி வந்த அன்று நீ கீழே பைகளை இறக்கிக்கொண்டிருந்தாய். நான்தான் முதலில் கதவைத் திறந்தேன். ஃப்ரீசரில் வைத்த வஞ்சிரம் அழுகி, வாசலிலேயே நாற்றம் அடித்தது. மிக்ஸி ஒயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உடனே அதைப் பிடுங்கி மிக்ஸியை அலமாரிக்குள் தள்ளினேன். பிரிட்ஜ் பிளக்கைச் சொருகினேன். நீ உள்ளே வந்ததும், "பிரிட்ஜப் புடுங்கிப்போட்டு வந்துட்டியா? நாறுது பாரு வூடு!" என்று கத்தினேன். நீ ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. ஐயையோ என்று தலையில் கை வைத்தாய். வாளி எடுத்து வந்து நீயே பிரிட்ஜைக் கழுவினாய். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை மாதம் என்னை ஆட்டி வைத்தானே, கழுவட்டும் என்று.

ஒரு அழுகின மீனுக்காகச் சொன்ன பொய், ஜெரி. வழிக்கு எடுத்துப்போனது போக மீதி மருந்து கதவுத் தட்டில் இருந்தது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. மருந்து பாட்டில் மறுபடி சில்லென்று ஆகிவிட்டது, பார்க்க எப்போதும் போலத்தான் இருந்தது, நான்தான் எடுத்து எடுத்து அப்பாவுக்குப் போட்டேன். சர்க்கரை ஏறிக்கொண்டே போனபோது வேளாங்கண்ணி அல்வாவைத் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அவரைத் திட்டினேன்.

டாக்டர் பிரிட்ஜ் நின்றதா என்று கேட்டபோதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் விழுந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீ "நான்தான் டாக்டர்" என்றாய். நான் தரையைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தரையை எனக்கு நன்றாகத் தெரியும். பச்சை டைல்ஸ், ஒன்று உடைந்திருந்தது. அண்ணன் அறைந்த சத்தம் கேட்டும் நான் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று என்னைச் சமாதானம் பண்ணினாய்.

உன் குரல் வேண்டாம் என்று சொன்னது கோபத்தால் இல்லை. அந்த "ஒண்ணுமில்ல"வை மறுபடி கேட்க என்னால் முடியாது. கடிதத்தில் என்றால் உன்னைத் திட்ட முடிந்தது. திட்டிக்கொண்டே இருந்தால் இது மறைந்துவிடும் என்று நினைத்தேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் இன்னும் கொஞ்சம் குற்றத்தைத் தூக்கி உன் தோளில் வைத்துக்கொண்டாய். எனக்கு அசிங்கமாக இருக்கிறது. கண்ணாடி முன் நின்று தலை வாரக்கூடப் பிடிக்கவில்லை.

அப்பாவிடமும் அண்ணனிடமும் இன்னும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சாண்ட்ரா


ராயபுரம்
21.8.2024

சாண்ட்ரா,

படித்ததும் கோபம் வந்தது. மறைக்கவில்லை. கன்னம் மறுபடி எரிந்தது. சர்ச் வாசலில் நின்று நான் பேசியது, காலித்திடம் அழுதது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கடிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு காசிமேடு வரை நடந்தேன். எண்ணூர் போகிற பஸ் ஒன்று வந்தது. ஏறி உன்னைக் கேட்டுவிட வேண்டும் என்று படியில் கால் வைத்தேன்.

கேட்க என்ன இருக்கிறது என்று இறங்கிவிட்டேன். பிளக்கைச் சொருக மறப்பது யாருக்கும் நடக்கிறது. "ஐயோ, மறந்துட்டேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதைச் சொல்ல நீ பயந்தாய். ஒரு மீன் கெட்டுப்போனதைச் சொல்வதற்கே பொண்டாட்டி பயந்து ஒயரை ஒளித்து வைக்கிற மாதிரி நான் ஒரு வீட்டை நடத்தியிருக்கிறேன். நீ சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் எப்படிக் குதித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இத்தனை மாதம் நான் கத்தியதற்கெல்லாம் பழி தீர்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தாலும் மனம் லேசாகவில்லை.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. நீ தரையைப் பார்த்த அந்த நேரத்துக்காக இருக்கிறது.

நான் மாமாவிடமோ மச்சானிடமோ எதுவும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நான் அங்கே இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய். விசாகப்பட்டினத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சமையலறைப் பிளக் பாயிண்டை நேற்று மாற்றினேன். இது தவக்காலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

ஜெரி


கத்திவாக்கம்
26.8.2024

ஜெரி,

சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வழக்கம் போல உன்னைத் திட்டத் தொடங்கினார். சோற்றுக் கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸி, மீன், மருந்து, நான் வாயை மூடிக்கொண்டு நின்றது. அண்ணன் என்னை ஒன்றும் செய்யவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தினி பேரு முன்னாடி அடிச்சேனே சாண்ட்ரா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனேன். "கேட்டுச்சும்மே" என்றார். கையைத் தட்டிலேயே கழுவினார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேன் வரதுக்கு முன்னாடி தண்ணி பாட்டில் எடுக்கலாம்னு நான் பிரிட்ஜத் தொறந்தேன். லைட்டு எரியல. புடுங்கிக்கீதுன்னு அப்பவே தெரியும். யார் புடுங்கனதுன்னு தெரியாது. சொல்லலாம்னுதான் திரும்பினேன். நீங்க ரெண்டு பேரும் அங்க சிரிச்சிகினு கீறீங்க. எத்தினி மாசம் கழிச்சி சிரிக்கிறீங்க. நான் வாயத் தொறந்தா நீயா நானான்னு ஆயிடும், வேளாங்கண்ணி வரைக்கும் மூஞ்சத் தூக்கிக்கினு வருவீங்க. சரி, நானே சொருகிடலாம்னு ஒயரு கிட்ட போனேன். இந்த வூட்ல பிளக்கத் தொடாதீங்க மாமான்னு மாப்ள கும்பிட்டுக் கேட்டுக்கிச்சே. கை போவல. மீனுதானே, போனாப் போவுதுன்னு மூடிட்டேன். மருந்து நெனப்பு எனக்கே வரல பாரு."

இதைச் சொல்லிவிட்டு, "வெரலு என்னுது. சொல்லாம வுட்டதும் நான்தான். நீ இன்னாத்துக்கு அழுவற?" என்றார். அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜெரி, எனக்கு உன்னிடம் சொல்லப் பயம். உனக்கு உன் பெட்டியைக் குறை சொல்ல வெட்கம். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா ஒரு பிளக்கைச் சொருகக்கூடத் தயங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்று பேர் இருந்த வீட்டில் ஒருவர்கூட அதைச் சொருகவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வா. அண்ணன் உன்னிடம் பேச வேண்டும் என்கிறார், என்ன பேசுவது என்று அவருக்கே தெரியவில்லை. அப்பா முன்னால் நானும் நீயும் சேர்ந்து நிற்க வேண்டும். அவர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். சொன்னாலும் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு அவரைக் கூட்டி வருவதைப் பற்றிப் பேசலாம். நானாக வா என்று அவரைக் கூப்பிட மாட்டேன். நீதான் கூப்பிட வேண்டும்.

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் பண்ணாதே. நேரில் வந்து பேசு. அப்பா தினமும் காலையில் வாசலில்தான் இருக்கிறார். தெரு முனையில் திரும்பும்போதே உன்னைப் பார்த்துவிடுவார்.

சாண்ட்ரா